வெப்பம் திரும்பாத படிகம்

ஸ்ட்ரான்ஷியம், தாமிரம், போரான், ஆக்சிஜன் ஆகிய நான்கு தனிமங்களால் ஆன ஒரு படிகத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஸ்ட்ரான்ஷியம் காப்பர் போரேட் என்பது அதன் பெயர். அதைக் கொண்டு யாரும் எந்தக் கருவியையும் செய்து விற்பதில்லை. ஆனாலும் குவாண்டம் காந்தவியலில் உழைப்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால், ஒவ்வொருவரிடமும் அதைப் பற்றிச் சொல்ல ஏதேனும் இருக்கும். இந்தப் படிகத்துக்குள் உலவும் காந்தக் கிளர்ச்சிகள் இடவியல் தன்மை, அதாவது எளிதில் அவிழாத ஒருவகை முறுக்கு, கொண்டவை என்று 2015-ஆம் ஆண்டில் ஒரு கோட்பாட்டுக் கட்டுரை கூறியது. அதன் மூன்று ஆசிரியர்களில் ஒருவரான ஆர். கணேஷ் அப்போது சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். 2017-இல் வெளியான நியூட்ரான் சிதறல் ஆய்வு அந்தக் கூற்றை உறுதிசெய்தது. 2022-இல் வெப்பத்தை அளந்தவர்களோ, அந்த முறுக்கால் வெப்பம் பக்கவாட்டில் திரும்பும் என்று எதிர்பார்த்த விளைவு தங்கள் கருவிகளுக்குத் தென்படவே இல்லை என்று எழுதினார்கள். இவ்விரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பது என் கருத்து. அதை விளக்கச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.

காந்தவியல் என்றால் நம் கல்லூரிப் பாடநூல்கள் கியூரி வெப்பநிலையையும் காந்தத் தயக்கத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. காந்தத்துக்குள் ஏதோ ஒன்று ஓடுகிறது, மோதுகிறது, பிறந்து அழிகிறது என்ற எண்ணமே மாணவருக்கு எழுவதில்லை. ஆனால் ஃபெலிக்ஸ் பிளாக் 1930-லேயே அதைக் கணக்கிட்டுவிட்டார். தனிச்சுழி வெப்பநிலையில் ஒரு ஃபெர்ரோ காந்தத்தின் ஸ்பின்கள், அதாவது அணுக்களில் உள்ள மிகச் சிறு காந்தங்கள், யாவும் ஒரே திசையை நோக்கி நிற்கின்றன. வெப்பம் சற்று ஏறும்போது அவற்றுள் ஒன்று எதிர்த்திசைக்குத் திரும்புவதாகக் கொள்வோம். அண்டை அணுக்களோடு அதற்குள்ள பரிமாற்ற இடைவினையின் காரணமாக அந்தத் திருப்பம் ஓரிடத்தில் நிற்பதில்லை. பக்கத்து அணுவுக்கும் அதற்கடுத்த அணுவுக்கும் தாவி, படிகம் முழுவதும் ஓர் அலையாகப் பரவிவிடுகிறது. அந்த அலையின் குவாண்டமே மேக்னான். குறைந்த வெப்பநிலையில் காந்தத்தின் வலிமை, வெப்பநிலையின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்பக் குறையும் என்னும் பிளாக்கின் விதி இந்த மேக்னான்களை எண்ணியதால் கிடைத்தது. மேக்னானுக்கு மின்னூட்டம் கிடையாது. அது ஆற்றலையும் ஸ்பின்னையும் மட்டுமே சுமக்கிறது. ஆகையால் எலக்ட்ரான்கள் நகர முடியாத மின்காப்புப் படிகத்திலும் அது தடையின்றி ஓடும்.

மின்னூட்டம் இல்லாத ஒன்றைக் காந்தப்புலத்தால் வளைக்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. எட்வின் ஹால் 1879-இல் கண்ட விளைவில், மெல்லிய தங்கத் தகட்டில் ஓடிய மின்னோட்டம் காந்தப்புலத்தால் பக்கவாட்டில் தள்ளப்பட்டது. அங்கே தள்ளியது லாரன்ஸ் விசை. மின்னூட்டம் சுழியானால் அந்த விசையும் சுழி. எனவே மேக்னான் நேராகத்தான் போகவேண்டும் என்று நெடுங்காலம் யாரும் ஐயமின்றி நம்பியிருக்கலாம். ஆனால் 1958-இல் ஜியாலோஷின்ஸ்கியும் 1960-இல் மோரியாவும் விளக்கிய ஓர் இடைவினை, இந்த முடிவை மாற்றும் ஆற்றலைத் தன்னுள் வைத்திருந்தது. இரு காந்த அணுக்களுக்கு நடுவே சமச்சீர் மையம் இல்லாதபோது, எலக்ட்ரானின் சுற்றுப்பாதை இயக்கம் அதன் ஸ்பின்னோடு பிணைவதால், அந்த இரு ஸ்பின்களும் ஒன்றுக்கொன்று சற்றுச் சாய்ந்து நிற்க விரும்புகின்றன. அத்தகைய பிணைப்பின் வழியாக மேக்னான் ஓர் அணுவிலிருந்து மறு அணுவுக்குத் தாவும்போது அதன் அலைச் சார்பில் ஒரு கட்டம், அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தில் ஒரு முன்பின் நகர்வு, கூடுகிறது. காந்தப்புலத்தில் சுற்றிவரும் எலக்ட்ரானுக்குக் கூடும் கட்டமும் இதே கணித வடிவம் உடையது. அதாவது விசை இல்லாமலேயே, ஒரு கற்பனைக் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்ட துகளைப்போல மேக்னான் நடந்துகொள்ளத் தொடங்குகிறது.

இதன் விளைவாக வெப்பமே பக்கவாட்டில் திரும்பவேண்டும் என்று கட்சுரா, நாகாவோசா, பேட்ரிக் லீ ஆகியோர் 2010-இல் எழுதினார்கள். எல்லா அணிக்கோவையிலும், அதாவது அணுக்கள் அடுக்கப்பட்ட எல்லா ஒழுங்கிலும், இது நடக்காது என்பதையும் அவர்கள் காட்டியிருந்தார்கள். சதுர அணிக்கோவையில் அண்டைச் சதுரங்களின் கற்பனைப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. முக்கோணங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் ககோமே போன்ற அமைப்புகளில் அவை தப்பிப் பிழைக்கின்றன. அதே ஆண்டில் ஓனோசேயும் டோக்குரா குழுவினரும் லுட்டேஷியம் வனேடியம் ஆக்சைடு என்னும், நான்முகிகள் மூலையில் தொட்டுக்கொள்ளும் பைரோகுளோர் வகைப் படிகத்தில் அந்த வெப்ப ஹால் விளைவை அளந்துவிட்டார்கள். அது 70 கெல்வினுக்குக் கீழே ஃபெர்ரோ காந்தமாகும் ஒரு மின்காப்புப் பொருள். எலக்ட்ரான் ஓட வழியில்லை, எனவே அதன்மேல் பழி போட முடியாது. அணிக்கோவை அதிர்வுகளின் குவாண்டங்களான ஃபோனான்கள்மேல் பழி போடலாம். ஆனால் காந்தப்புலத்தை மிகுதியாக்கியபோது பக்கவாட்டு வெப்பம் குறைந்தது. புலம் கூடினால் மேக்னானைப் பிறப்பிக்கத் தேவைப்படும் ஆற்றல் கூடும், மேக்னான்களின் எண்ணிக்கை குறையும் என்பதோடு அது பொருந்தியது.

இந்த அளவீட்டின் நுணுக்கத்தைச் சொல்லாமல் கடப்பது நியாயமாகாது. படிகத்தின் ஒரு முனையைக் குளிர்ந்த உலோகக் கட்டையோடு ஒட்டி, மறுமுனையில் ஒரு சிறு மின்தடையால் சூடேற்றுகிறார்கள். வெப்பம் பாயும் திசையில் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். மூன்றாவது வெப்பமானி அவற்றுள் ஒன்றுக்கு நேர் எதிர்ப் பக்க விளிம்பில் இருக்கும். அந்த இரு விளிம்புகளுக்கும் இடையே எழும் வெப்பநிலை வேறுபாடு கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியதாக இருக்கக்கூடும். வெப்பமானிகளை ஒட்டும்போது மயிரிழை அளவு விலகினாலும், நேர்த்திசை வேறுபாட்டின் ஒரு துளி பக்கவாட்டு வேறுபாடாக வேடமிட்டு வந்துவிடும். எனவே காந்தப்புலத்தை ஒரு திசையில் வைத்து ஒருமுறையும், எதிர்த்திசையில் வைத்து மறுமுறையும் அளந்து, இரண்டின் வேறுபாட்டில் பாதியை எடுக்கிறார்கள். ஒட்டிய பிழை புலத்தின் திசையை அறியாது, ஆகவே கழிந்துபோகும். ஹால் விளைவு திசையோடு குறியை மாற்றும், ஆகவே நின்றுவிடும். பின்னால் 'எதுவும் தென்படவில்லை' என்ற முடிவைப் பற்றிப் பேசும்போது, அது இவ்வளவு கவனத்தோடு சொல்லப்படும் சொல் என்பதை மறந்துவிடக்கூடாது.

இனி இடவியலுக்கு வருவோம். படிகத்துக்குள் ஓர் அலையின் உந்தம் எந்த மதிப்பையும் ஏற்கலாம் என்றாலும், ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் மறுபக்கத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது. இரு பரிமாணங்களில் அந்த உந்த வெளி தன்னைத்தானே சுற்றி மூடிக்கொள்ளும் ஒரு வளையப் பரப்பாகிறது. ஒவ்வோர் உந்தத்துக்கும் ஓர் ஆற்றலும் ஓர் அலைச் சார்பும் உண்டு. இவ்வாற்றல்கள் சேர்ந்து ஒரு பட்டையாகின்றன. அந்தப் பரப்பு முழுவதையும் கடந்துவரும்போது அலைச் சார்பு எத்தனை முறை முறுக்கிக்கொள்கிறது என்பதைச் செர்ன் எண் சொல்கிறது. ஒரு நாடாவை முறுக்கி இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டால், எவ்வளவு இழுத்தாலும் கசக்கினாலும் முறுக்குகளின் எண்ணிக்கை மாறாது, வெட்டினால்தான் மாறும் என்பதைப்போன்றது இது. பட்டையைப் பொறுத்தவரை 'வெட்டுவது' என்பது, அது அடுத்த பட்டையைத் தொடும்படி ஆற்றல் இடைவெளியை மூடுவது. படிகத்துக்குள் முறுக்கு உண்டு, வெளியே வெற்றிடத்தில் முறுக்கு இல்லை. ஆகவே நடுவில் உள்ள விளிம்பில் இடைவெளி எங்கேனும் மூடியே தீரவேண்டும். அவ்வாறு மூடும் இடத்தில், ஒரே திசையில் மட்டும் ஓடும் விளிம்பு அலைகள் பிறக்கின்றன.

எலக்ட்ரான்களில் இது வான் கிளிட்சிங் 1980-இல் கண்ட குவாண்டம் ஹால் விளைவில் வெளிப்பட்டது. அதன் முழு எண்களுக்குப் பின்னால் இத்தகைய முறுக்கு எண் இருப்பதைத் தவுலெஸும் அவருடைய கூட்டாளிகளும் 1982-இல் காட்டினார்கள். மொத்தத்தில் காந்தப்புலமே இல்லாமல் தேன்கூட்டு அணிக்கோவையில் இதை உண்டாக்கலாம் என்று ஹால்டேன் 1988-இல் ஒரு மாதிரியை எழுதினார். 2016-இன் நோபல் பரிசு தவுலெஸ், ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் போனது. ஹால்டேனின் மாதிரியைப் படித்தவர்கள் மேக்னான்களைப் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தேன்கூட்டு ஃபெர்ரோ காந்தத்தில் ஜியாலோஷின்ஸ்கி–மோரியா இடைவினை ஊட்டும் கட்டமும், ஹால்டேன் கையால் எழுதிச் சேர்த்த கட்டமும் ஒன்றே. குரோமியம் அயோடைடு என்னும் அடுக்குப் படிகத்தில் 2018-இல் நியூட்ரான்களைக் கொண்டு அளந்தபோது, இரு மேக்னான் பட்டைகள் தொட்டிருக்கவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி தெரிந்தது. மீண்டும் அளந்தபோது அது 3-க்குச் சற்றுக் குறைவு என்று திருத்தப்பட்டது. அந்த இடைவெளிக்கு வேறு இடைவினைகளையும் காரணமாகச் சொல்வோர் உண்டு. எனினும் இது ஓரளவு நேரான கதை. ஒழுங்காக அணிவகுத்த ஸ்பின்கள், அவற்றில் ஓடும் அலைகள், அவ்வளவே.

ஸ்ட்ரான்ஷியம் காப்பர் போரேட்டில் அந்த அணிவகுப்பே இல்லை. என்னை ஈர்த்ததும் அதுதான். பி. ஸ்ரீராம் சாஸ்திரியும் பில் சதர்லேண்டும் 1981-இல் ஒரு சதுர அணிக்கோவையை எழுதி, அதில் சில மூலைவிட்டப் பிணைப்புகளைச் சேர்த்து, அதன் அடிநிலையை, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட நிலையை, துல்லியமாகக் கண்டார்கள். அப்போது அதற்கு இயற்கையில் எடுத்துக்காட்டு எதுவும் அறியப்படவில்லை. துல்லியமாகத் தீர்க்கக்கூடியது என்பதே அதன் சிறப்பாக இருந்தது. 1991-இல் ஒரு வேதியியல் ஆய்விதழில் இந்தப் போரேட்டின் படிக அமைப்பு வெளியாயிற்று. 1999-இல் ககெயாமாவும் கூட்டாளிகளும் அதன் காந்தப் பண்புகளை அளந்தார்கள். அதே ஆண்டில் மியாஹாராவும் உயெடாவும் இது சாஸ்திரி–சதர்லேண்ட் மாதிரியேதான் என்று காட்டினார்கள். தாளில் எழுதிவைத்த ஒன்று, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உலையில் வளர்த்த நீலப் படிகமாக வந்து நின்றது. தற்செயலின் பெருமையைப் பேசுவோர் இதை ஏன் அதிகம் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். தாமிர அயனி ஒவ்வொன்றும் அரை அளவு ஸ்பின் கொண்டது. படிகத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் தாமிரங்கள் இரண்டிரண்டாக நெருங்கி இணைகளாகின்றன. ஓர் இணை கிழக்கு மேற்காகக் கிடந்தால், அதன் அண்டையில் உள்ள இணைகள் வடக்குத் தெற்காகக் கிடக்கும். இணைக்குள் உள்ள இரு ஸ்பின்களுக்கு இடையிலான, அவற்றை எதிரெதிர்த் திசையில் நிறுத்தும் பிணைப்பின் வலிமை, வெப்பநிலையாகச் சொன்னால் ஏறத்தாழ 85 கெல்வின். இணைகளுக்கு இடையிலான பிணைப்பு அதில் சுமார் 0.63 மடங்கு. இரண்டாவது பிணைப்பும் அவ்வளவு பலமானது என்றால் அது எல்லாவற்றையும் குழப்பியிருக்கவேண்டும். ஆனால் குழப்பவில்லை. ஓர் இணையின் நுனியில் உள்ள ஸ்பின், எதிரே குறுக்காகக் கிடக்கும் இணையின் இரண்டு ஸ்பின்களோடும் சம அளவில் பிணைந்திருக்கிறது. அந்த இரண்டும் ஒன்றையொன்று முழுவதும் ஈடுசெய்து மொத்த ஸ்பின் சுழியாகிவிட்டால், இந்த மூன்றாவது ஸ்பின்னுக்கு அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிறது. எல்லா இணைகளும் தத்தமக்குள் மொத்த ஸ்பின் சுழியான இந்த ஒற்றைநிலையில் அடங்கிவிடுகின்றன. படிகம் எவ்வளவு குளிர்ந்தாலும் ஸ்பின்கள் அணிவகுப்பதில்லை. இந்த அடிநிலை தோராயமானது அல்ல, துல்லியமானது. பிணைப்புகளின் விகிதம் ஏறத்தாழ 0.68-ஐத் தாண்டாதவரை அது நிலைத்திருக்கும்.

இந்த அமைதியைக் கலைக்க ஓர் இணையை ஒற்றைநிலையிலிருந்து, மொத்த ஸ்பின் ஒன்றான மும்மைநிலைக்கு உயர்த்தவேண்டும். அவ்வாறு கிளர்ந்த இணையே டிரிப்லான். அதைப் பிறப்பிக்க ஏறத்தாழ 3 மில்லி எலக்ட்ரான் வோல்ட், வெப்பநிலையாகச் சொன்னால் சுமார் 35 கெல்வின், தேவை. அடுத்த வியப்பு, பிறந்த டிரிப்லான் நகர விரும்பாததுதான். மேலே சொன்ன அதே ஈடுசெய்தல் அதன் கால்களையும் கட்டிவிடுகிறது. சிறு திருத்தங்களைப் படிப்படியாகச் சேர்த்துக் கணக்கிடும் குலைவுக் கோட்பாட்டில் ஆறாம் படி வரை சென்றால்தான் ஒரு டிரிப்லான் ஓர் இணையிலிருந்து மறு இணைக்குத் தாவும் வழி கிடைக்கிறது. ஆகவே அதன் ஆற்றல் பட்டை ஏறக்குறையத் தட்டையானது. வலிமையான காந்தப்புலத்தில் இந்த மந்தமான டிரிப்லான்கள் ஒழுங்கான கோலங்களில் உறைந்து, காந்தமாக்கத்தில் எட்டில் ஒன்று, நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று என்ற படிகளைத் தோற்றுவிக்கின்றன. முதலில் இந்தப் படிகம் புகழ்பெற்றது அந்தப் படிகளால்தான். அவை தனியே எழுதவேண்டிய பொருள், இங்கே விட்டுவிடுகிறேன்.

மற்றவை எல்லாம் அடங்கிய இடத்தில் சிறியவனின் குரலும் கேட்கும். டிரிப்லானின் இயல்பான நகர்வு இவ்வளவு பலவீனமாக இருப்பதால், முதன்மைப் பிணைப்பில் நூற்றில் இரண்டு மூன்று பங்கே உள்ள ஜியாலோஷின்ஸ்கி–மோரியா இடைவினை, பட்டையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் தகுதியைப் பெற்றுவிடுகிறது. இதைத்தான் யூடிட் ரோம்ஹானி, கார்லோ பென்ட்ஸ், ஆர். கணேஷ் மூவரும் 2015-இல் பயன்படுத்திக்கொண்டார்கள். காந்தப்புலம் இல்லாதபோது மூன்று டிரிப்லான் பட்டைகள் ஒரே புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். கிராஃபீனில் இரண்டு பட்டைகள் தொடும் கூம்பின் மூன்று பட்டை வடிவம் அது. அடுக்குகளுக்குச் செங்குத்தாக ஒரு சிறு காந்தப்புலத்தைச் செலுத்தினால் மூன்றும் பிரிகின்றன. பிரியும்போது மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் கூட்டல் இரண்டு, கழித்தல் இரண்டு என்ற செர்ன் எண்களைப் பெறுகின்றன, நடுப் பட்டை சுழியோடு நிற்கிறது. புலத்தை மேலும் கூட்டினால், ஏறத்தாழ 1.4 டெஸ்லாவில் பட்டைகள் மீண்டும் ஒரு புள்ளியில் தொட்டு, முறுக்கை இழந்துவிடுகின்றன. மருத்துவமனை எம்ஆர்ஐ பொறிகள் பலவற்றில் உள்ள 1.5 டெஸ்லா இதைவிடச் சற்று அதிகம். இடவியல் தன்மையை இவ்வளவு எளிய புலத்தால் உண்டாக்கவும் அழிக்கவும் முடியும் என்பது சோதனையாளர்களுக்குப் பெரிய கொடை. கட்டுரையின் இறுதியில் அவர்கள் ஒரு கணிப்பையும் முன்வைத்தார்கள். முறுக்கு உள்ள புல எல்லைக்குள் வலுவான வெப்ப ஹால் விளைவு தோன்றும் என்பது அது.

முதல் விடை நியூட்ரான்களிடமிருந்து வந்தது. நியூட்ரானுக்கும் மின்னூட்டம் இல்லை, ஆனால் அதற்கென ஒரு சிறு காந்தத் திருப்புத்திறன் உண்டு. ஆகவே அது படிகத்துக்குள் ஆழமாகப் புகுந்து, காந்தக் கிளர்ச்சி ஒன்றைப் பிறப்பித்துவிட்டு, தான் இழந்த ஆற்றலையும் உந்தத்தையும் வெளியே வந்து காட்டிக்கொடுக்கிறது. கனடாவின் சாக் ரிவரில் இந்த முறையை வளர்த்த பெர்ட்ரம் பிராக்ஹவுஸுக்கு 1994-இல் நோபல் பரிசு கிடைத்தது. போரேட்டில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. இயற்கையான போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்–10. அது நியூட்ரான்களை விழுங்குவதில் பெயர்பெற்றது, அணு உலைகளின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் அதைப் பயன்படுத்துவதும் அதனால்தான். எனவே போரான்–11 மட்டும் சேர்த்துத் தனியே படிகம் வளர்க்கவேண்டியிருந்தது. மெக்கிளார்ட்டியும் கூட்டாளிகளும் அத்தகைய படிகத்தில் காந்தப்புலத்தோடு பட்டைகளை அளந்து, 2015-இன் படம் சரியே என்று 2017-இல் எழுதினார்கள். அதோடு, இரண்டு டிரிப்லான்கள் பிணைந்த ஒரு நிலை ஒற்றை டிரிப்லான் பட்டைகளுக்கு அருகே வந்து கலப்பதையும் கண்டார்கள். அந்தச் செய்தி அப்போது ஒரு கூடுதல் அழகாகவே படிக்கப்பட்டது என்று நினைக்கிறேன். இப்போது திரும்பிப் படிக்கையில் எனக்கு அது ஒரு முன்னெச்சரிக்கையாகத் தெரிகிறது. டிரிப்லான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருப்பவை அல்ல என்பதற்கு அது சான்று.

நியூட்ரான் செர்ன் எண்ணை நேரடியாக அளக்கவில்லை என்பதையும் குறித்துவைக்கவேண்டும். அது அளப்பது பட்டைகளின் ஆற்றலையும் செறிவையும்தான். அவற்றுக்குப் பொருந்தும் மாதிரியைத் தேர்ந்து, அந்த மாதிரியிலிருந்து செர்ன் எண்ணைக் கணக்கிடுகிறோம். வெப்ப ஹால் விளைவு வேறு வகையான சாட்சி. முறுக்கின் அடிப்படையான பெர்ரி வளைவு நேராக வெப்ப ஓட்டத்தைத் திருப்பவேண்டும். கியோட்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதை அளந்து, 2022-இல் வெளியிட்ட கட்டுரையில், தங்கள் அளவீட்டின் நுட்பத்துக்குள் வெப்ப ஹால் கடத்துமை எதுவும் இல்லை என்று தெரிவித்தார்கள். கருவியின் குறையாக அவர்கள் அதைப் பார்க்கவில்லை. படிகத்தின் உள்ளார்ந்த இயல்பே விளைவை அடக்குகிறது என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லி, டிரிப்லான்களுக்கு இடையிலான இடைவினைகளைக் காரணமாகக் காட்டினார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு உதவும். 35 கெல்வின் இடைவெளி உள்ள கிளர்ச்சி வெப்பத்தால் தோன்றும் வாய்ப்பு, 2 கெல்வினில் கோடியில் ஒன்றின் அளவிலேயே இருக்கிறது. 5 கெல்வினில் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று, 10 கெல்வினில் நூற்றில் மூன்று. ஃபெர்ரோ காந்தமான லுட்டேஷியம் படிகத்தில் மேக்னான்களுக்கு இத்தகைய பெரிய இடைவெளி இல்லை, நன்கு குளிர்ந்த நிலையிலும் வெப்பத்தைச் சுமக்கப் போதிய மேக்னான்கள் இருக்கும். இங்கோ, குளிர்வித்தால் வெப்பத்தைத் திருப்ப ஆளே இல்லை. சூடேற்றினால் என்ன? அங்கே வேறொரு தடை நிற்கிறது. நியூட்ரான் அளவீடுகளில் டிரிப்லானின் கூர்மையான தடம், இடைவெளியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான 10 கெல்வின் வாக்கிலேயே மங்கிப்போவது முன்பே தெரிந்த செய்தி. நூறு இணைகளுக்குச் சில டிரிப்லான்கள் தோன்றியதுமே அவை ஒன்றோடொன்று மோதி ஆயுளை இழந்துவிடுகின்றன. ஏற்கெனவே மந்தமான துகள், அண்டையில் இன்னொன்று இருந்தால் மட்டும் வேறு வழிகளில் நகரத் தொடங்குகிறது என்பதும் இந்த மோதலைக் கூட்டுகிறது. பட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளோ, மில்லி எலக்ட்ரான் வோல்ட்டின் சிறு பின்னங்கள். ஆயுள் குறையக் குறைய ஆற்றல் மங்கும், மங்கல் இடைவெளியை மிஞ்சினால் எந்தப் பட்டை எது என்று பிரித்துச் சொல்வதே பொருளற்றதாகிவிடும்.

இங்கேதான் நான் சொல்லவந்தது இருக்கிறது. 'இடவியலால் காக்கப்பட்டது' என்று இத்துறையில் எல்லோரும் எழுதுகிறோம். காக்கப்படுவது எது என்று கேட்டால், பட்டையின் முழு எண். துகளின் ஆயுள் அல்ல. எலக்ட்ரான்களில் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மறைந்துகிடக்கிறது. எலக்ட்ரான்கள் அழிவதில்லை. ஒரு நிலையில் ஒன்றுக்கு மேல் நிற்கக்கூடாது என்னும் பௌலி விதிப்படி ஒரு பட்டையை அடிமுதல் நுனிவரை நிரப்பி நிற்கின்றன. நிரம்பிய பட்டையின் முறுக்கு முழுவதும் சேர்ந்து ஒலிக்கிறது, ஆகவேதான் குவாண்டம் ஹால் மின்தடை நூறு கோடியில் ஒரு பங்கு துல்லியம்வரை முழு எண்ணைக் காட்டுகிறது. மேக்னான்களும் டிரிப்லான்களும் அந்த விதிக்குக் கட்டுப்படாத போசான்கள். அவற்றால் ஒரு பட்டையை நிரப்ப முடியாது. அவற்றின் எண்ணிக்கை மாறாதது என்ற விதியும் இல்லை. ஒன்று இரண்டாகச் சிதையலாம், இரண்டு மோதி மறையலாம். எனவே வெப்ப ஹால் விளைவில் முழு எண் ஒருபோதும் அப்படியே வெளிப்படாது. வெப்பநிலை நிரப்பிய அளவுக்கு எடைபோட்டுச் சேர்த்த பெர்ரி வளைவின் சராசரிதான் வெளிப்படும். செர்ன் எண் சுழியாக உள்ள பட்டைகளாலும் வெப்ப ஹால் விளைவு தோன்றலாம். செர்ன் எண் இரண்டாக உள்ள பட்டைகளாலும் ஒன்றும் தோன்றாமல் போகலாம். ககோமே ஃபெர்ரோ காந்தங்களில் சிதைவு இடவியல் மேக்னான்களை எவ்வாறு மங்கச்செய்யும் என்று செர்னிஷெவும் மக்சிமோவும் 2016-லேயே கணக்கிட்டு எச்சரித்திருந்தார்கள். அந்த எச்சரிக்கைக்கு நாங்கள் கொடுத்த மதிப்பு போதாது.

எதிர்த்திசையில் நடந்த தவறையும் சொல்லவேண்டும். வெப்ப ஹால் விளைவு தென்பட்டதும் உள்ளே இடவியல் கிளர்ச்சிகள் உண்டு என்று விரைந்து முடிவுகட்டுவது அது. டெர்பியம் காலியம் கார்னெட் என்னும் படிகத்தில், நீண்ட தொலைவு அணிவகுத்த ஸ்பின்களே இல்லாத நிலையில், 2005-இலேயே ஃபோனான்களின் வெப்ப ஹால் விளைவு அளக்கப்பட்டது. ருத்தேனியம் குளோரைடில் 2018-இல் கசஹாராவும் கூட்டாளிகளும் கண்ட அரை முழு எண் விளைவு, கிட்டயேவின் 2006 மாதிரி கூறிய, தனக்குத்தானே எதிர்த்துகளான மஜோரானா துகள்களின் விளிம்பு அலைகளுக்குச் சான்று என்று பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பின்னர் அதே பொருளில் போசான்களின் விளிம்பு ஓட்டமே போதுமான விளக்கம் என்று ஒரு குழுவும், ஃபோனான்களே முதன்மைக் காரணம் என்று இன்னொரு குழுவும் எழுதின. படிகத்துக்குப் படிகம் அளவீடு மாறுகிறது. போரேட்டில் விளைவே இல்லாமல் போனதற்கு இந்தப் பின்னணியில் ஒரு நன்மை உண்டு. அங்கே ஃபோனான்களும் வாய் திறக்கவில்லை, ஆகவே குழப்பமும் இல்லை.

இந்தப் படிகத்தின் விளிம்பு அலைகளை நியூட்ரானால் பார்க்க இயலாது. அடுக்கில் திரும்பத் திரும்ப வரும் அலகான ஒரு கூட்டின் பக்கம் ஏறத்தாழ 9 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள படிகத்தில் ஒரு பக்கத்துக்குக் கோடிக்கும் மேற்பட்ட கூடுகள் வரிசையாக உள்ளன, அவற்றுள் விளிம்பைச் சேர்ந்தவை கோடியில் சில மட்டுமே. நியூட்ரான்கள் அரிதானவை என்பதால் பெரிய படிகம் வேண்டும். படிகம் பெரிதாகப் பெரிதாக விளிம்பின் பங்கு சுருங்கும். காந்தப் பரப்புகளை அருகிலிருந்து பார்க்க வைரத்தின் நைட்ரஜன் குறைபாடுகளைப் பயன்படுத்தும் நுண்ணுணரிகள் உண்டு. அவை மேக்னான்களைப் படமெடுத்தும் இருக்கின்றன. ஆனால் அவை நன்கு செயல்படுவது சில கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில். டிரிப்லானின் 3 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பது ஏறத்தாழ 0.7 டெராஹெர்ட்ஸ், அதாவது நூறு மடங்குக்கும் மேல். டெராஹெர்ட்ஸ் ஒளியோ இந்தப் படிகத்தின் டிரிப்லான்களைத் தொடக்கூடியது, ஆனால் அதன் அலைநீளம் அரை மில்லிமீட்டருக்கு அருகில் இருப்பதால் விளிம்பை மட்டும் தனியே தொடாது. அந்த ஒளியை ஒரு கூரிய ஊசிமுனையில் குவித்து, 2 கெல்வினுக்கு அருகே, 1 டெஸ்லா புலத்துக்குள், படிகத்தின் விளிம்பிலும் நடுவிலும் மாறி மாறி வைத்துப் பார்க்கவேண்டும். வெப்பத்தால் பிறக்கும் டிரிப்லான்கள் அந்த வெப்பநிலையில் இல்லாததால் மோதலும் இராது, ஒளி பிறப்பிக்கும் ஒற்றை டிரிப்லான் விளிம்பில் ஒரு திசையில் மட்டும் ஓடுகிறதா என்பதை அப்போது கேட்கலாம். புலத்தை 1.4 டெஸ்லாவுக்கு மேல் ஏற்றியதும் அந்த ஓட்டம் நின்றுவிட்டால், வெப்பத்தை அளந்து தீர்க்க முடியாத வழக்கு அங்கே தீரும்.